அண்ணாச்சி குடித்துக் காட்டிய தம்ளர்

அண்ணாச்சி தம்ளரைத் தலைக்கு மேலே தூக்கி, எல்லோருக்கும் தெரியும்படி கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டுகூட விழவில்லை. மேலுதட்டில் மீசையோடு மீசையாக ஒரு வெள்ளைக் கோடு ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமலே சிரித்தார். துடைத்தால் சாட்சி போய்விடுமே. ஆயுத பூஜைக்கு ஆளுக்கொன்று என்று எங்களுக்கெல்லாம் அவர் கொடுத்த எவர்சில்வர் தம்ளர்களில் அதுவும் ஒன்று. பாத்திரக்கடை மெஷினால் அவருடைய பெயரைப் புள்ளி புள்ளியாக அதில் பொறித்திருந்தார்கள். வெயில் பட்டு அந்தப் பெயர் மின்னியது. கேட்டுக்கு வெளியே நின்றிருந்த பெண்கள் அந்தத் தம்ளரையும் அவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி பின் ஒருத்தியாகச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். வேதியியல் படித்த எனக்கு மட்டும் அதை நம்ப முடியவில்லை. அவர் கலக்கியதாகச் சொன்ன வெள்ளை மாவைத் தம்ளர் நிறையக் குடித்த மனிதர் இப்படிச் சிரித்துக்கொண்டு நிற்க முடியாதே என்பதுதான் காரணம்.

கோவில்பட்டியில் அவருடையது நடுத்தரமான தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கம் அதை ஆலை என்றோ தொழிற்சாலை என்றோ யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். புதூர், எப்போதும்வென்றான் பக்கத்து மானாவாரிக் கிராமங்களிலிருந்து விடிந்ததும் வேனில் பெண்களை அள்ளிக்கொண்டு வருவார்கள். மழை பொய்த்த கரிசலில் உளுந்தும் இல்லை, பருத்தியும் இல்லை என்றால் வேறு எங்கே போவார்கள்? என் அப்பா ஆடு மேய்ப்பவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதற்குக் காரணம் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா. ஆட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பள்ளியில் உட்காரவைத்தவள் அவள்தான். நான் வேதியியலில் பட்டம் வாங்கியபோது அவள் இதே ஆபீஸில், பெட்டி ஒட்டும் பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லித்தான் அண்ணாச்சி எனக்கு வேலை கொடுத்தார். 'பாதுகாப்பு அலுவலர்' என்று அறைக்கு வெளியே ஒரு பலகை தொங்கியது. அதிகாரிகள் வந்தால் அந்தப் பலகையைக் காட்டுவார்கள். மற்ற நாட்களில் நான் லாரியில் ஏறும் பண்டல்களைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன்.

அண்ணாச்சியிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் புது மூட்டை வந்தாலும் தையலைப் பிரித்து, சுட்டுவிரலைத் தொட்டு, நுனிநாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். சுற்றி நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். "ம்... சரக்கு சுத்தம்" என்று அவர் சொன்ன பிறகுதான் மூட்டை உள்ளே போகும். அவருடைய அப்பாவும் அப்படித்தான் பார்த்தாராம். தீக்குச்சி முனையில் தோய்க்கும் கலவைக்கு ஊரில் மருந்து என்று பெயர். அதை ஏதோ வைத்தியர் சூரணம் பார்ப்பதுபோல இவர் பார்ப்பதை ஆபீஸே ஒரு சித்தாகக் கொண்டாடியது. எனக்கு அந்த நாக்கைக் கண்டாலே அருவருப்பு. சர்க்கரையையும் ஈயத்தின் உப்பையும் அந்த நாக்கு ஒன்றாகத்தான் இனிப்பு என்று சொல்லும். ஆனால் தமக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு மனிதர் ஆயுள் முழுக்க நம்பிக்கொள்ள, அந்த நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே போதுமானதாக இருந்தது.

அந்த ஆண்டு வடநாட்டு வியாபாரி ஒருவர் பச்சைச் சுடர் விடும் கலர் தீப்பெட்டி கேட்டார். பச்சை வேண்டுமென்றால் பேரியம் வேண்டும். பேரியம் கார்பனேட் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. வெள்ளை வெளேரென்று, வாசமில்லாமல், ருசியில்லாமல், சலித்த மைதா மாவுபோல இருக்கும். லாரியில் வந்தபோதே பாதி மூட்டைகள் கிழிந்துபோயிருந்தன. "ஏலே, பசை ரூம்ல காலி மைதாச் சாக்கு கெடக்கும்லா, அதுல மாத்திக் கட்டுங்கலே" என்றார் அண்ணாச்சி. ரோஜாப்பூப் படம் போட்ட சாக்குகள். மருந்து அறையில் ஈரம் என்று அவற்றைப் பசை அறையிலேயே, நிஜ மைதா மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கியும் விட்டார்கள்.

மூட்டைகளோடு கம்பெனிக்காரன் அனுப்பிய பாதுகாப்புத் தாளை நான் உட்கார்ந்து படித்தேன். ஒரு பொருள் ஒரே தடவை வயிற்றுக்குள் போனால் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். எலியின் எடைக்கு எவ்வளவு கொடுத்தால் அவற்றில் பாதி சாகும் என்பது அளவு. அந்த அளவுப்படி இதற்குக் கிடைத்த அடையாளம் வெறும் ஆச்சரியக்குறிதான், உயிரைக் கொல்லும் என்று சொல்லும் மண்டையோடு இல்லை. ஆனால் நான் அதோடு நிறுத்தவில்லை. கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்தவரிடம் கேட்டேன், கிடைத்ததையெல்லாம் படித்தேன். மாவு என்று நினைத்து இதைத் தின்ற மனிதர்கள் பல ஊர்களில் செத்திருக்கிறார்கள். எலி தாங்கும் அளவை மனிதன் தாங்குவதில்லை. இந்தப் பொருள் விஷயத்தில் எலி நம்மைவிடக் கெட்டி. ஒரு காலத்தில் எலியைக் கொல்லவே இதை விற்றிருக்கிறார்கள் என்றால், அதைவிட மெலிந்த நமக்கு இது என்ன செய்யும்? என் மதிப்பீடு இதுதான்: தாளில் என்ன குறி இருந்தாலும் இந்த ஆபீஸில் இதற்கு மண்டையோடுதான் போட வேண்டும், மைதா இருக்கும் அறையில் இது இருக்கவே கூடாது.

போய்ச் சொன்னேன். அண்ணாச்சி தாளை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"இதுல ஆச்சரியக்குறிதானலே போட்டிருக்கான்? நீ ஏன் பேயடிச்ச மாதிரி நிக்குத?"

"அது எலிக்குக் கொடுத்துப் பார்த்த கணக்கு அண்ணாச்சி."

"எலிக்குத்தான? நம்ம ஆளுவ என்ன எலியா?" சுற்றி நின்றவர்கள் சிரிப்பதற்காகக் கொஞ்சம் இடம் விட்டார். சிரித்தார்கள். "ஏலே, பேரியம்னா என்னன்னு எனக்குத் தெரியாதாக்கும்? திருநெல்வேலியில எக்ஸ்ரே எடுக்க முன்ன டாக்டரே ஒரு தம்ளர் கலக்கிக் குடுத்தாரு. சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருந்துச்சு. குடிச்சிட்டு நேரா ஓட்டல்ல போயி புரோட்டா தின்னேன். செத்தா போயிட்டேன்?"

ஆஸ்பத்திரியில் கொடுப்பது பேரியம் சல்பேட். அது வயிற்றில் கரையாது, வந்த வழியே முழுசாகப் போய்விடும். கார்பனேட் அப்படியில்லை, வயிற்றின் அமிலம் பட்டதும் கரைந்து ரத்தத்தில் கலக்கும். இதை எவ்வளவோ எளிமையாகச் சொல்லிப் பார்த்தேன். "படிச்சவன்லா, பேரு மாத்தி மாத்திச் சொல்லுவான்" என்று கணக்குப்பிள்ளையைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் சும்மா இருக்கவில்லை. பசை அறைப் பெண்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது என்பதால் வெள்ளைத் தாள்களில் மண்டையோடும் குறுக்கெலும்பும் நானே வரைந்து ஒவ்வொரு மூட்டையிலும் ஒட்டினேன். மறுநாள் ஒன்றுகூட இல்லை. கிழித்துப்போடச் சொல்லியிருந்தார். "பேய்ப்படம் வரைஞ்சு வச்சா பொம்பளையாளு உள்ள வருவாளுகளா? ஆர்டரை நீயா முடிச்சுக் குடுப்ப?" என்றார். அப்போதும் நான் அவரை முட்டாள் என்றுதான் நினைத்தேன். முட்டாள்தனம் ஒரு நோய், அதற்காக ஒருவரை வெறுக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பசை அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. மைதாவைக் கொதிநீரில் கொட்டி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார்கள். துத்தம் போடுவதற்கு முன்பாக, சாக்கிலிருந்து ரெண்டு கை மாவை எடுத்து உப்புப் போட்டுப் பிசைந்து, அடுப்பில் தகரத்தை வைத்து ரொட்டி சுட்டுக்கொள்வார்கள். விடியலில் பழைய சோற்றின் நீத்தண்ணி குடித்துவிட்டு வேன் ஏறுகிறவர்களுக்கு முற்பகலில் அதுதான் ஆகாரம். அண்ணாச்சிக்கும் தெரியும். தெரியாததுபோல இருப்பதையே தம்முடைய தர்மமாக நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள், ரோஜாப்பூச் சாக்கு ஒன்று தீர்ந்துபோக, அடுத்த ரோஜாப்பூச் சாக்கிலிருந்து ஒரு கை அள்ளிச் சேர்த்துப் பிசைந்திருக்கிறார்கள். முதல் ரொட்டியை எடுத்தவள் அத்தை.

ஒரு வாய் மட்டும் தின்ற மற்றவர்களுக்கு வாந்தியோடு போயிற்று. அத்தைக்கு வாயைச் சுற்றி மரத்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள், பிறகு கால்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அரசு மருத்துவமனையில் இளம் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். "வெள்ளை மருந்துன்னு சொல்லாதீங்க, பேர் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார். நான் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மாறியதும், உடனே பொட்டாசியம் ஏற்றச் சொன்னதும், பேதியுப்பைக் கரைத்துக் கொடுக்கச் சொன்னதும் எனக்கு இன்றும் கண்முன் நிற்கின்றன. பேதியுப்பில் உள்ள சல்பேட் வயிற்றில் மிஞ்சிய விஷத்தோடு சேர்ந்து, கரையாத எக்ஸ்ரே மாவாக மாறும். அண்ணாச்சி பெருமையடித்த அந்த மாவை, அத்தையின் வயிற்றுக்குள்ளே ஒரு டாக்டரம்மா தயாரிக்க வேண்டியிருந்தது.

அண்ணாச்சி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். வார்டு முழுக்கக் கேட்கும்படி, "கெட்டுப்போன கருவாட்டைத் தின்னுருக்கா. அப்படித்தானே தாயி?" என்றார்.

அத்தையால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மேலே ஓடும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டே, "எங்க வீட்டுப் பக்கம் கருவாடு வந்தே மாசக் கணக்காச்சு அண்ணாச்சி. நீங்க வாங்கித் தந்தியளோ?" என்றாள்.

அடுத்த நாள் பெண்கள் வேனிலிருந்து இறங்கி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்கள். வெள்ளை மூட்டை வெளியே போனால்தான் உள்ளே வருவோம் என்றார்கள். அண்ணாச்சி உள்ளே போய், தம்ளரில் மாவைக் கலக்கிக்கொண்டு வந்தார். "என் ஆளுவளுக்கு நான் வெசத்தைக் குடுப்பேனா? இந்தா பாருங்க, ஒங்க கண்ணு முன்னாடியே குடிக்கேன்" என்று ஒரே மடக்கில் குடித்தார். தொடக்கத்தில் சொன்ன காட்சி அதுதான்.

அவர் தம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் பூசை அறைக்குப் போனார். நான் அதை எடுத்துப் பார்த்தேன். அடியில் வெள்ளைப் படலம் ஒட்டியிருந்தது. அவருக்காக ஒரு நிமிஷம் பயந்தேன் என்பதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. ஓடிப்போய் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைக்கலாமா என்றுகூட யோசித்தேன். அப்போதுதான் தம்ளர் விளிம்பில் எறும்புகள் ஏறுவதைக் கண்டேன். கல்லையும் சுண்ணாம்பையும் எறும்பு தேடி வராது. முதலுதவிப் பெட்டியில் டிஞ்சர் அயோடின் இருந்தது. மைதா மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை, பேரியம் மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை, இரண்டையும் தனித்தனித் தாளில் வைத்துச் சொட்டுவிட்டேன். மைதா கருநீலமாக மாறியது. பேரியம் வெறுமனே பழுப்பாக நனைந்தது. மூன்றாவது சொட்டைத் தம்ளருக்குள் விட்டேன். கருநீலம்.

அவர் குடித்தது மைதா.

அந்தக் கருநீலத்தைப் பார்த்தபடி நான் நின்ற நேரத்தில்தான் என் மனசில் அண்ணாச்சியின் இடம் மாறியது. ஒருவேளை அவர் உண்மையான பொருளையே கொஞ்சம் குடித்துப் பிழைத்திருந்தாலும் அதில் எந்த நிரூபணமும் இல்லை. பாதி எலி சாகும் அளவு என்றால் பாதி எலி பிழைக்கும் என்றும்தான் பொருள். பிழைத்த எலி ஒன்று மேடையேறி, பாருங்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பேசினால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்திருக்கும் அந்த வீரம். ஆனால் அந்த எலியாவது தின்றது. இவர் தின்னவுமில்லை. மைதா மூட்டை எது, பேரியம் மூட்டை எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தம்முடைய வயிறு என்று வந்தபோது அந்த நாக்கு மேதை மிகச் சரியான மூட்டையைப் பிரித்திருக்கிறார். நான் காட்டிய தாளை அவர் நம்பியிருக்கிறார். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நம்பித்தான் மண்டையோட்டைக் கிழித்திருக்கிறார். அத்தை அங்கே கால் வராமல் கிடக்கிறாள், இங்கே அவளோடு வேலை செய்த பெண்கள் இவர் மீசையை நம்பி உள்ளே போகிறார்கள். முட்டாளுக்காக நான் ஒதுக்கி வைத்திருந்த இரக்கத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை.

அன்றே கத்தியிருக்கலாம். ஆனால் டிஞ்சர், கருநீலம் என்று பெண்களிடம் சொன்னால், அவரும் பதிலுக்கு இன்னொரு பெயரைச் சொல்லிச் சிரிக்கவைப்பார். அவர்கள் கண்ணால் பார்த்ததைக் கண்ணாலேதான் கலைக்க வேண்டும். பேரியம் மூட்டைகளைச் சணல் கட்டி மூலையில் ஒதுக்கி, பசை அறையில் அன்று யாரும் ரொட்டி சுடாதபடி அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலை வேன் வந்து நின்றதும், பேரியம் மூட்டை ஒன்றை இழுத்துவந்து கேட்டுக்கு நடுவில் வைத்தேன். எல்லோரும் பார்க்க அதிலிருந்து ஒரு கரண்டி அள்ளித் தம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். அண்ணாச்சி டீ கிளாஸைக் கையில் பிடித்து உறிஞ்சியபடி என்ன கூட்டம் என்று பார்க்க வந்தார்.

"அண்ணாச்சி, நேத்து வராதவங்க சில பேரு இன்னைக்கு வந்திருக்காங்க. அவங்களுக்கும் நம்பிக்கை வரணும்லா. இன்னொரு தடவை குடிச்சுக் காட்டுங்க" என்று நீட்டினேன். குடிக்கமாட்டார் என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. இருந்தாலும் தம்ளரை நான் விடாமல் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். உதட்டுக்குப் போனால் தட்டிவிட வேண்டும்.

அவர் மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு... இன்னைக்கு எனக்குச் சஷ்டி விரதம்லா. பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படக்கூடாது" என்றார்.

கூட்டத்தில் எனக்கு மதினி முறையாகும் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி இருந்தாள், மருந்தில் தோய்க்கக் குச்சியைக் கட்டையில் அடுக்குகிறவள். அவளுக்கு அஞ்சாத மேஸ்திரி கிடையாது. இடுப்பில் தூக்குவாளியை இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"விரதமா அண்ணாச்சி? அப்பக் கையில இருக்கது என்ன, முருகனுக்கு நைவேத்தியமா?"

அவர் தம்முடைய டீ கிளாஸைக் குனிந்து பார்த்தார். பாதி காலியாகியிருந்தது. அதை வேட்டிக்குப் பின்னால் மறைக்கப் பார்த்ததில் டீ வேட்டியில் கொட்டியது. முதலில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவர்களுடைய முகங்களில் ஒவ்வொன்றாக விஷயம் இறங்குவதை நான் பார்த்தேன். மதினி திரும்பி, "ஏட்டி, ஏறுங்கடி வண்டியில. நம்மளை எலின்னு நெனச்சுட்டாரு" என்றாள். வேன் வந்த வழியே திரும்பிப் போயிற்று. அன்று ஆபீஸில் ஒரு குச்சிகூட மருந்தில் தோயவில்லை. அடுத்த நாளும் வேன் காலியாக வந்தது. அதற்கு மறுநாள் வெள்ளை மூட்டைகள் அத்தனையும் லாரி ஏறின. கூடவே நானும் வெளியே வந்தேன். "சோறு போட்ட கையைக் கடிச்சவன்" என்று அவர் என்னைப் பற்றி ஊரெல்லாம் சொன்னதாகக் கேள்வி. அந்தக் கை எந்தச் சாக்கிலிருந்து சோறு எடுக்கும் என்று தெரிந்தவன் கடிக்காமல் என்ன செய்வான்?

இப்போது நான் தூத்துக்குடியில் இருக்கிறேன். இதே மாதிரித் தாள்களைப் படித்து, எதற்கு எந்தக் குறி போடலாம் என்று எழுதுவதுதான் வேலை. ஒவ்வொரு தாளிலும் எலிகளின் கணக்கைப் பார்க்கும்போது அவை என்னை ஏமாற்றவில்லை என்று நினைத்துக்கொள்வேன். செத்தவை உண்மையாகவே செத்தன, பிழைத்தவை உண்மையாகவே தின்றுவிட்டுப் பிழைத்தன. அண்ணாச்சி நன்றாகத்தான் இருக்கிறார். போன மாதம் கோவில்பட்டியில் ஏதோ பாதுகாப்பு வார விழா, அவர்தான் சிறப்பு விருந்தினர். சுவரொட்டியில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். தொழிலாளர் நலனில் அக்கறை கொண்டவர் என்று பெயருக்கு முன்னால் போட்டிருந்தது. பஸ் அங்கே நின்ற நேரம் முழுக்க நான் அந்த மீசையையே பார்த்தேன். வெள்ளைக் கோடு இல்லை. துடைத்துவிட்டார்.

அன்று ஊருக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். அத்தை இப்போது நடக்கிறாள், ஆனால் படி ஏறும்போது ஒரு கையைத் தொடையில் ஊன்றிக்கொள்கிறாள். கொல்லையில் புதிதாகக் கட்டிய கழிவறைக்குள் பினாயில் டப்பாவும் அதை அளந்து ஊற்ற ஒரு தம்ளரும் வைத்திருந்தாள். ஆயுத பூஜைக்கு அவளுக்குக் கிடைத்த தம்ளர். பொறித்த பெயர் புள்ளிகூட அழியாமல் இருந்தது.

"நல்ல எவர்சில்வராச்சே அத்தை, இங்கன கொண்டாந்து போட்டிருக்க?"

"வேற எதுக்குலே ஆகும் அது? வாயில வைக்க மனசு வரல" என்றாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவளாக உள்ளே போய், ஆட்டுக் கொம்புக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயிண்டையும் ஒரு குச்சியையும் எடுத்துவந்தாள். "பேரப்புள்ளைய வந்து போகுதுவ. தெரியாம எடுத்துத் தண்ணி மோந்து குடிச்சிரப்படாது. அன்னைக்கு நீ தாள்ல வரைஞ்சியே, அந்தப் படத்தை இதுல வரைஞ்சு குடு."

நான் வாசலில் உட்கார்ந்து பொறுமையாக வரைந்தேன். இரண்டு கண்குழி, மூக்கு, பல்வரிசை, கீழே குறுக்காக இரண்டு எலும்பு. தம்ளரில் இடம் கொஞ்சம்தான் இருந்தது, சரியாக அவர் பெயருக்குக் கீழே. காயட்டும் என்று அத்தை அதை வெயிலில் வைத்தாள். இந்தத் தடவை யாரும் வந்து கிழிக்கவில்லை.